பதினாறு பேறும் இருபத்தொரு மாத்திரையும்: கருத்தடை வரலாற்றில் புனேயின் பங்கு

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்று மணமக்களை வாழ்த்துவது நம் மரபு. பதினாறு என்பது பிள்ளைகள் அல்ல, கல்வி, அறிவு, ஆயுள், பொருள் முதலான பேறுகள் என்று மேடைதோறும் பெரியவங்க விளக்கம் சொல்லுவாங்க. விளக்கம் சரிதான். ஆனா வீட்டுல நடந்தது வேற. நம் பாட்டிமார் எட்டும் பத்தும் பெற்றார்கள். அதில் பாதி தங்கினால் பெரிய விஷயம். பிரசவத்திலேயே கண்மூடிய தாய்மார்களின் பெயர்கூட இன்று பல குடும்பங்களில் யாருக்கும் தெரியாது. இந்த நிலையை மாற்றத் துணிந்தவர்களில் சிலர் நாம் பிழைக்க வந்த இந்தப் புனே மண்ணோடு தொடர்புடையவர்கள். அவர்களைப் பற்றியும், அவர்கள் காலத்துக்குப் பின் வந்த கருத்தடை மாத்திரையைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

மகரிஷி கார்வே என்றால் புனேயில் சிறு பிள்ளைக்கும் தெரியும். கைம்பெண் கல்விக்கு வாழ்வைத் தந்தவர். அவருடைய மூத்த மகன் ரகுநாத் தோண்டோ கார்வேயைத்தான் பலர் மறந்துவிட்டனர். 1882இல் பிறந்தவர். ஒன்பது வயதில், 1891இல், தாய் ராதாபாயைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர். புனேயில் படித்து, மும்பை வில்சன் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். பிள்ளைப்பேறு பெண்ணின் விருப்பப்படி அமைய வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். அதனால் அந்த வேலையை விட நேர்ந்தது. ஆனாலும் மனிதர் பின்வாங்கவில்லை. 1921இல் மும்பையில் கருத்தடை ஆலோசனை நிலையம் தொடங்கினார். லண்டனில் மேரி ஸ்டோப்ஸ் தம் நிலையத்தைத் திறந்ததும் அதே ஆண்டில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

1927இல் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி மாத இதழை ஆரம்பித்து, 1953இல் மறையும் வரை நடத்தினார். ஆபாசம் என்று வழக்குகள் வந்தன. 1934இல் நடந்த வழக்கில் அவருக்காக வாதாடியவர் டாக்டர் அம்பேத்கர். வழக்கு தோற்றது, இதழ் நிற்கவில்லை.

அவரோடு 1938 முதல் கைகோத்தவர் சகுந்தலா பராஞ்சபே. ஃபெர்குசன் கல்லூரி முதல்வராக இருந்த ராங்ளர் பராஞ்சபேயின் மகள். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். குடும்பக் கட்டுப்பாட்டையே தம் வாழ்க்கைப் பணியாக ஏற்றார். மகாராஷ்டிர மேலவையிலும், 1964 முதல் 1970 வரை மாநிலங்களவையிலும் இருந்தார். 1991இல் பத்ம பூஷண் பெற்றார்.

நம் தமிழகமும் சும்மா இருக்கவில்லை. 1928இல் சென்னையில் நியோ மால்தூசியன் லீக் தோன்றியது. பெரியார் 'குடி அரசு' வாயிலாகக் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். மற்றவர்கள் தாயின் உடல்நலம், குடும்ப வறுமை, நாட்டின் பொருளாதாரம் என்று காரணம் சொல்ல, அவர் பெண்ணின் விடுதலையையே முதற்காரணமாக வைத்தார். 1949இல் மும்பையில் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தோற்றுவித்த தன்வந்தி ராமராவ், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து ராணி மேரிக் கல்லூரியில் கற்பித்தவர். 1952இல் இந்திய அரசே குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது.

இத்தனைக்கும் அன்று மாத்திரை என்ற ஒன்று கிடையாது. 1951இல் மெக்சிகோவில், காட்டுக் கிழங்கு ஒன்றிலிருந்து எடுத்த மூலப்பொருளைக் கொண்டு நோரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோனை உருவாக்கினார்கள். கிரகரி பின்கஸ், ஜான் ராக் ஆகியோரின் முயற்சியில் 1956இல் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம் பெரிய அளவில் சோதனை நடந்தது. தலைசுற்றல், குமட்டல் என்று அந்தப் பெண்கள் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1960இல் 'எனோவிட்' கருத்தடைக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மறு ஆண்டே, மாத்திரை எடுத்த பெண்ணுக்கு நுரையீரலில் இரத்தம் உறைந்த செய்தி பிரிட்டனில் வெளியானது.

1969இல் பார்பரா சீமன் என்ற பெண் எழுத்தாளர் இந்த ஆபத்துகளைப் புத்தகமாக எழுதினார். 1970இல் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. அங்கே நிபுணர்கள் பேசினார்கள். மாத்திரை சாப்பிட்ட பெண்களை யாரும் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து கேள்வி கேட்டார்கள். அந்த ஆண்டே, மாத்திரைப் பெட்டிக்குள் பெண்ணுக்கான எச்சரிக்கைச் சீட்டு வைக்கவேண்டும் என்ற விதி அங்கே வந்தது. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை நாம் தூக்கி எறிகிறோமே, அதற்குப் பின்னால் இப்படியொரு போராட்டம் இருக்கிறது.

மருந்தின் அளவும் வெகுவாகக் குறைந்தது. இன்று நம் அரசு இலவசமாக வழங்கும் மாலா-என் மாத்திரையில் எத்தினைல் ஈஸ்ட்ரடயால் 0.03 மில்லிகிராமும், லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராமும் உள்ளன. முதல் எனோவிட்டில் இருந்த புரோஜெஸ்டின் 10 மில்லிகிராம்! அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைகள், 7 இரும்புச்சத்து மாத்திரைகள்.

அப்படியானால் பயம் வேண்டாமா? கணக்கைப் பார்ப்போம். மாத்திரை எடுக்காத பதினாயிரம் பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு நரம்பில் இரத்தம் உறைகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் கலந்த மாத்திரை எடுப்போரில் 5 முதல் 7 பேர். டிராஸ்பிரனோன் போன்ற புதுவகைகளில் 9 முதல் 12 பேர். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் இந்த ஆபத்து இதைவிட அதிகம். ஆகவே பெரும்பாலான பெண்களுக்கு இது பாதுகாப்பான மருந்துதான். எல்லோருக்கும் அல்ல, அவ்வளவுதான்.

யாருக்கு ஆகாது? இரத்த உறைவு, மாரடைப்பு, பக்கவாதம், மார்புப் புற்றுநோய், கடுமையான கல்லீரல் நோய் வந்தவர்களுக்கு ஆகாது. கண்ணில் மின்னல்போல் ஒளி தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்களுக்கும், 35 வயதைத் தாண்டிய புகைபிடிப்பவர்களுக்கும் ஆகாது. இரத்த அழுத்தம் 140/90க்கு மேல் இருந்தால் வேறு வழி பார்ப்பதே நல்லது. பால் கொடுக்கும் தாய் ஆறு மாதம் வரை வேறு முறையைக் கையாள வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் மிஸ்ரி தேய்க்கும் பழக்கம் உண்டு. அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லணும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான சில மருந்துகளும் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும்.

எடுப்பது எப்படி? மாதவிலக்கு தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பித்து, தினமும் ஒரே நேரத்தில் ஒன்று. ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். இரண்டு அல்லது அதற்கு மேல் மறந்தால், ஒன்றை உடனே போட்டுத் தொடர்ந்து, அடுத்த ஏழு நாள் ஆணுறை போன்ற துணைப் பாதுகாப்பு அவசியம். மூன்றாம் வாரத்தில் அப்படி மறந்தால், இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு நேரே புது அட்டையைத் தொடங்கணும். "இரும்பு மாத்திரைதானே" என்று நிறுத்திவிட்டு, புது அட்டையைத் தாமதமாக ஆரம்பிப்பதால்தான் பலருக்குக் கரு தங்கிவிடுகிறது.

காலில் ஒரு பக்கம் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கடுமையான தலைவலி, பார்வை மங்கல், பொறுக்கமுடியாத வயிற்றுவலி — இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். "வாயுவா இருக்கும்" என்று கஷாயம் போட்டுக் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாகணும். கல்யாணம், கோயில் விசேஷம் என்றால் 'தள்ளிப்போட' ஒரு மாத்திரை வாங்கிப் போடுவது நம் வீடுகளில் சகஜம். அது பெரும்பாலும் அதிக அளவு நோரெதிஸ்டிரோன். கருத்தடை மாத்திரை அல்ல. அதைப் போட்டால் கரு தங்காது என்று நம்புவது தவறு. இரத்த உறைவு ஆபத்து உள்ளவர்கள் அதையும் கேட்காமல் போடக்கூடாது.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் திருமணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். மாத்திரை எடுப்போர் 5.1 விழுக்காடே. பிள்ளை பெற்று முடித்தபின் 'ஆபரேஷன்' என்பது ஒன்றுதான் பலருக்குத் தெரிந்த வழி. இடைவெளி விட்டுப் பெறலாம், வேண்டும்போது நிறுத்திவிட்டுப் பெறலாம் என்ற உரிமையைத்தான் மாத்திரை தருகிறது. அந்த உரிமை தகவலோடு சேர்ந்து வந்தால்தான் பயன்.

இங்கேதான் நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தோருக்கு வேலை இருக்கிறது. கட்கியிலும் தேஹூ ரோட்டிலும் ராஸ்தா பேட்டையிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஊரிலிருந்து புதிதாக வரும் இளம்பெண்ணுக்கு மராத்தியும் தெரியாது, அட்டையிலுள்ள இந்தியும் ஆங்கிலமும் புரியாது. மாமியாரிடம் கேட்கக் கூச்சம். கணவர் கடையில் வாங்கி வந்து கொடுத்ததை அப்படியே போடுகிறாள். அவளுடைய இரத்த அழுத்தத்தை யாரும் அளந்ததில்லை. கார்வே நூறாண்டுக்கு முன்பே நிலையம் வைத்தது கருவிகளைக் கொடுக்க மட்டுமல்ல. பெண் வந்து வாய்விட்டுக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவும்தான்.

சங்கங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் சர்க்கரையும் கண்ணும் பார்ப்பதோடு, தமிழ் பேசும் பெண் மருத்துவர் ஒருவரைத் தனி அறையில் அமர்த்தலாம். ஒரு பக்கத் தமிழ்ச் சீட்டு அச்சடித்துக் கொடுக்கலாம். பெரிய செலவில்லை. பிரசவத்தில் தாயை இழந்த அந்தப் புனே மாணவன் ஊராரின் ஏச்சுக்கு நடுவே செய்த வேலையை, ஏச்சே இல்லாத இந்தக் காலத்தில் நாம் செய்யாமலிருக்க என்ன காரணம் சொல்ல முடியும்?