பழைய லேப்டாப்பை எடைக்குப் போடப் போறீங்களா? ஒரு பென்டிரைவ் இருந்தா போதும்... லினக்ஸ் போடுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறை ப்ராசஸராவது இருக்க வேண்டும். 2015-ல் வாங்கிய லேப்டாப் நன்றாக ஓடினாலும் இந்தப் பரீட்சையில் ஃபெயில்தான். அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

லினக்ஸ் நமக்குப் புதுசு இல்லை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எந்த லினக்ஸ்?

லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. புதிதாக வருபவர்கள் குழம்பாமல் 'லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ' போட்டுக்கொள்ளலாம். ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் எல்லாம் விண்டோஸ் மாதிரியே இருக்கும். 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம் குறைந்தபட்சத் தேவை. ஆனால் 2 ஜிபியில் நாலு டேப் திறந்தாலே திணறும், 4 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. 32 பிட் கம்ப்யூட்டரில் மின்ட் ஓடாது. அதற்கு 'ஆன்டிஎக்ஸ்' போன்றவை இருக்கின்றன.

முதலில் இதைப் பண்ணுங்க

குடும்ப போட்டோ, மார்க் ஷீட் ஸ்கேன், கடைக் கணக்கு என எல்லாவற்றையும் வேறு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். டி டிரைவில்தானே இருக்கு என்று விட்டுவிடாதீர்கள். இன்ஸ்டால் செய்யும்போது 'எரேஸ் டிஸ்க்' என்பதைத் தேர்வு செய்தால் சி, டி எல்லாமே போய்விடும். வானவில், பாமினி எழுத்துருவில் டைப் செய்த ஃபைல்கள் இருந்தால் அந்த ஃபான்ட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எழுத்துகள் புரியாத குறிகளாகத் தெரியும்.

அடுத்து, 8 ஜிபி பென்டிரைவ். மின்ட் இணையதளத்தில் ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோடு செய்து, 'ரூஃபஸ்' மென்பொருள் மூலம் பென்டிரைவில் ஏற்ற வேண்டும். சும்மா காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதும் அழிந்துவிடும்.

லேப்டாப்பை ஆஃப் செய்து, பென்டிரைவைச் செருகி ஆன் செய்தவுடன் பூட் மெனு பட்டனைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் பொதுவாக எஃப்12, ஹெச்பியில் எஃப்9.

இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம்

இதுதான் லினக்ஸின் பெரிய வசதி. பென்டிரைவிலிருந்தே மின்ட் முழுதாக ஓடும், ஹார்டு டிஸ்க்கை நீங்கள் தொடாதவரை அதில் எதுவும் மாறாது. கொஞ்சம் மெதுவாக இருக்கும், பயப்பட வேண்டாம். வைஃபை, சவுண்டு, கேமரா, டச்பேட் நாலையும் இங்கேயே சோதித்துவிடுங்கள். பழைய லேப்டாப்களில் அடிக்கடி மக்கர் செய்வது வைஃபைதான். அப்படியானால் மொபைலை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் ஆன் செய்து, இன்ஸ்டால் முடிந்ததும் 'டிரைவர் மேனேஜர்' மூலம் டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் சரி என்றால் டெஸ்க்டாப்பில் உள்ள 'இன்ஸ்டால்' ஐகானை அழுத்துங்கள். இடையில் மல்டிமீடியா கோடெக்ஸ் வேண்டுமா என்று கேட்கும், டிக் போடுங்கள். சில வீடியோக்கள் ஓட அது வேண்டும். விண்டோஸும் இருக்கட்டும் என்பவர்களுக்கு 'அலாங்சைடு' என்ற ஆப்ஷன் உண்டு.

யாருக்கு ஒத்துவராது?

டேலியில் கணக்கு எழுதுபவர்கள், போட்டோஷாப்பில் ஆல்பம் டிசைன் செய்பவர்கள் அவசரப்பட வேண்டாம். இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. பிரவுசர், யூடியூப், ஆன்லைன் வகுப்பு, லிப்ரே ஆபீஸில் லெட்டர் டைப் செய்வது போன்றவற்றுக்கு தாராளமாகப் போதும்.

லினக்ஸ் போட்டும் மெதுவாகவே இருக்கிறதா? பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க்தான் காரணமாக இருக்கும். அதைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டிப் பாருங்கள்.