கோலைத் திருப்பிக் கொடுத்த சிறுமிகள்

1983 ஜனவரி இறுதியில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘மந்திர இளவரசி மிங்க்கி மோமோ’ தொடரின் 46ஆம் பாகம் ஒளிபரப்பானது. சிறுமிகளுக்கென்று எடுக்கப்பட்ட அந்தக் கார்ட்டூனில், அன்று கதாநாயகியே இறந்துபோகிறாள். மந்திர சக்தியை முந்தைய பாகத்திலேயே இழந்துவிட்ட மோமோ மீது பொம்மைகள் ஏற்றிவந்த லாரி ஒன்று மோதுகிறது. தொடருக்குப் பணம் போட்ட போப்பி என்ற பொம்மைக் கம்பெனி, விற்பனை போதவில்லை என்று விலகத் தீர்மானித்ததாம். அதற்குப் பழிவாங்கவே கதாசிரியர்கள் பொம்மை லாரியை ஏவினார்களாம். இப்படி ஒரு கதை ரசிகர்களிடையே நெடுங்காலமாக உலவுகிறது. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மரணத்தின் வேர் ஒரு வருடத்துக் கோபத்தில் இல்லை. மந்திரச் சிறுமித் தொடர்கள் கோலையும் கண்ணாடியையும் கடையில் விற்பதற்காகத் தழைத்தவை. அப்படியிருந்தும் அவற்றுள் முக்கியமான சில, சிறுமி அந்தக் கோலை இழப்பதோடு அல்லது திருப்பிக் கொடுப்பதோடுதான் முடிந்தன. வியாபாரம் வகுத்த வடிவத்துக்குள் கதை சொன்னவர்கள் தமக்கென்று காத்துக்கொண்ட இடம் அந்த முடிவுதான் என்பேன்.

இந்த வியாபாரத்தின் கணக்கு 1963இல் தொடங்குகிறது. ஒசாமு தெசுகா ‘அஸ்ட்ரோ பாய்’ தொடரைத் தயாரிப்புச் செலவுக்கும் குறைவான விலைக்கு டிவி நிலையத்துக்குக் கொடுத்தார். குறைந்த பணத்தைப் பொம்மை, மிட்டாய் போன்றவற்றில் கதாபாத்திரத்தின் உருவத்தைப் பயன்படுத்தும் உரிமையை விற்று ஈடுகட்டினார். அன்று முதல் ஜப்பானிய அனிமேஷன் பொம்மைக் கடையின் தயவை நம்பி வாழ வேண்டியதாயிற்று. பையன்களுக்கு ரோபோ இருந்தது. பெண் குழந்தைகளுக்கு என்ன விற்பது? 1966 பிப்ரவரியில் அமெரிக்காவின் ‘பிவிட்ச்ட்’ தொடர் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதே வருடம் டிசம்பரில் தோயெய் நிறுவனம் மிட்சுதெரு யொகொயாமாவின் ‘சூனியக்காரி சாலி’யைத் திரைக்குக் கொண்டுவந்தது. 109 பாகங்கள், முதல் 17 கறுப்பு வெள்ளை, மற்றவை வண்ணம். அமெரிக்கக் கதையில் சூனியக்காரி ஒரு மனைவி. மந்திரம் வேண்டாம் என்று கணவன் கேட்டுக்கொள்வதும் அவள் மீறுவதும்தான் அங்கே கதை. சாலிக்குக் கணவனும் இல்லை, சமையலறையும் இல்லை. பள்ளிக்கூடமும் தோழிகளும்தான் அவள் உலகம். குடும்பச் சண்டைக்குக் கருவியாக இருந்த மந்திரம், ஒரு சிறுமி உலகத்தைப் பழகிக்கொள்ளும் கருவியாக மாறியது இங்கேதான்.

1969இல் வந்த ‘அக்கோ-சானின் ரகசியம்’ அந்தக் கருவிக்குக் கையில் பிடிக்கக்கூடிய உருவம் தந்தது. ஃபுஜியோ அகாட்சுகாவின் படக்கதையை ஒட்டிய அந்தத் தொடரில், அக்கோவின் சிறிய மூடிக்கண்ணாடி திரையிலிருந்து நேரே கடைக்கு வந்தது. மந்திரப் பொருள் ஒன்று, அதைச் சொல்லி அழைக்கும் வாசகம் ஒன்று, உருமாற்றம் ஒன்று என்று பின்னால் வந்த அத்தனை தொடர்களும் எடுத்துக்கொண்ட சூத்திரம் அப்போதே தயாராகிவிட்டது. 

மிங்க்கி மோமோ அந்தச் சூத்திரத்தை அப்படியே வாங்கி, அதன் உள்ளே வேறொன்றை வைத்தது. 1982 மார்ச்சில் தொடங்கிய இதன் தலைமைக் கதாசிரியர் தக்கேஷி ஷூடோ, இயக்குநர் குனிஹிக்கோ யுயாமா. பின்னாளில் போக்கிமானில் மீண்டும் சேர்ந்து பணியாற்றிய அதே இருவர். பூமியின் மனிதர்கள் கனவு காண்பதை மறந்ததால், கனவுகளின் நாடான ஃபெனாரினார்சா பூமியை விட்டு விலகிப்போய்விட்டது. அதைத் திரும்ப இறக்கிக் கொண்டுவர இளவரசி மோமோ பூமிக்கு வந்து, பிள்ளையில்லாத தம்பதியின் மகளாக வளர்கிறாள். கோலைச் சுழற்றினால் அவள் பெரியவளாகிறாள். அந்தப் பெரியவளுக்கு எப்போதும் ஒரு தொழில் உண்டு: ஒருநாள் போலீஸ்காரி, ஒருநாள் செவிலி. சிறுமிகளை அவசரமாகப் பெரியவர்களாக்கும் ஆசை காட்டல் இது என்று குறை சொல்வோர் உண்டு. உருமாறும் காட்சியின் அழகலங்காரத்தை மட்டும் பார்த்தால் அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஜப்பானில் பெண்களுக்குச் சம வேலைவாய்ப்புத் தரும் சட்டம் 1985இல்தான் இயற்றப்பட்டது. அதற்கு மூன்று வருடம் முன்பே, வளர்ந்த பெண் என்றால் வேலை தெரிந்தவள் என்று வாரந்தோறும் காட்டிய தொடரை வெறும் அலங்காரக் கதை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

மோமோவின் சாவு இந்தக் கதைக்குள்தான் பொருள்படுகிறது. இறந்த மோமோ தன் மந்திர நாட்டுக்குத் திரும்பவில்லை. பூமியில் தன்னை வளர்த்த அதே தம்பதிக்கு மனிதக் குழந்தையாகப் பிறக்கிறாள். அதுவரை மற்றவர்களின் கனவுகளைக் காப்பாற்ற வந்த விருந்தாளி அவள். இனி அவளுக்கே ஒரு கனவு இருக்கலாம். அதை மந்திரமில்லாமல் அடைய வேண்டும். வெறும் பழிவாங்கலுக்கு லாரி போதும், மறுபிறப்பு தேவையில்லை. லாரியில் பொம்மைகளை ஏற்றியதில் கோபம் இருந்திருக்கலாம். ஆனால் அவள் மனுஷியாகப் பிறந்ததில் இருப்பது கதையின் தர்க்கம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அடுத்த வருடம் புதிய கோலை விற்க வேண்டுமென்றால் பழைய கோல் போய்த்தானே ஆக வேண்டும்? மந்திரம் பறிபோவதும் வியாபாரத் தேவைதான், அதில் கலைஞனின் சுதந்திரம் எங்கே என்று கேட்கலாம். பழைய சரக்கு ஓய, தொடர் நின்றாலே போதும் என்பது என் பதில். சிறுமி அந்த இழப்பைத் திரையில் அனுபவித்துக் கடக்க வேண்டும் என்று எந்த ஸ்பான்சரும் கேட்பதில்லை. சாலியின் கடைசிப் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பள்ளிக்கூடம் தீப்பற்றும்போது எல்லோர் கண்முன்னும் மந்திரத்தைப் பயன்படுத்திவிட்டுத் தோழிகளைப் பிரிகிறாள். 1983இல் பியெரோ நிறுவனம் தொடங்கிய ‘க்ரீமி மாமி’யில் பத்து வயது யூ, பாடகி மாமியாக வேடமேற்கிறாள், தகாகோ ஓட்டா என்ற இளம் பாடகியே குரல் கொடுத்துப் பாட்டும் பாடியதால், கதையிலிருந்த மாமிக்கு வெளியுலகிலும் பாட்டு விற்றது. விற்பனைக்கு அதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. ஆனாலும் அந்த மந்திரம் ஒரு வருடத்துக்கு மட்டும் கிடைத்த கடன் என்று முதலிலேயே சொல்லப்பட்டது. வருடம் முடிந்ததும் யூ அதைக் கொடுத்துவிட்டாள்.

வியாபாரம் தன் விருப்பப்படி நடந்தால் என்ன செய்யும் என்பதற்கு மோமோவிலேயே சாட்சி இருக்கிறது. முடிவதாக இருந்த தொடர் நீட்டிக்கப்பட்டு இன்னும் 17 பாகங்கள் வந்தன. பணம் திரும்பியதும் மந்திரமும் திரும்பியது. பெரிய அளவில் அதைச் செய்து காட்டியது 1992இல் வந்த ‘செய்லர் மூன்’. நவொகோ தக்கேயுச்சியின் அந்தக் கதையும் முதல் வருட முடிவில், 46ஆம் பாகத்தில், சண்டையில் மடிந்த சிறுமிகளை எல்லாம் மறந்த சாதாரணப் பள்ளி மாணவிகளாகத் திருப்பி அனுப்பியது. பழைய மரபு அந்த ஒரு வாரத்துக்கு உயிரோடு இருந்தது. அடுத்த பருவம் தொடங்கியதும் நினைவும் சக்தியும் மீண்டன. அதன்பின் ஒவ்வொரு பருவத்துக்கும் கதாநாயகி உசாகிக்குப் புதிய புரூச் ஒன்று வந்தது. 200 பாகங்கள், 1997 பிப்ரவரி வரை. அந்தச் சிறுமிகளின் தோழமையையும் துணிவையும் நான் குறைத்து மதிக்கவில்லை. உலகெங்கும் இந்த வகையை எடுத்துச் சென்றவர்கள் அவர்களே. ஆனால் பழையதைப் பறிக்காமலே புதியதை விற்க முடியும் என்பது அப்போது நிரூபணமாகிவிட்டது. அந்த வழி சாலிக்கும் மாமிக்கும் திறந்தே இருந்தது. அவர்களை எழுதியவர்கள் அதில் போகவில்லை.