கை கழுவச் சொல்ல ஓர் உத்தியோகம்

வியன்னா நகரத்துப் பொது ஆஸ்பத்திரியில் 1847-ஆம் வருஷம் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்ற இளம் வைத்தியர், பிரேதங்களை அறுத்துப் பார்த்த கையோடு பிரசவ வார்டுக்குள் நுழைகிற மாணவர்களே பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு ஜன்னியைக் கொண்டுவருகிறார்கள் என்று கண்டு, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் எவரும் கர்ப்பிணிகளைத் தொடலாகாது என்று உத்தரவு போட்ட கதை பலரும் அறிந்ததே. ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம் ஜூனில் நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கிற்று. அப்படியிருந்தும் 1849-இல் அவருடைய பதவிக்காலம் முடிந்தபோது மேலிடத்தார் அதை நீடிக்கவில்லை. அவர் போன பின்பு அந்தச் சுண்ணாம்பு நீரருகே நின்று கவனிப்பது யாருடைய உத்தியோகமாகவும் இருக்கவில்லை. என் அபிப்பிராயத்தில், அவரை எதிர்த்த பேராசிரியர்களின் பிடிவாதத்தைக் காட்டிலும் பெரிய குறை அதுதான்.

அந்த உத்தியோகம் பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது. இடையில் கிருமிநாசினி கொண்டு அறுவை செய்யக் காட்டிய லிஸ்டர் வந்தார், கிருமி சாஸ்திரம் வந்தது, பெனிசிலின் வந்தது. மருந்து இருக்கிறதே என்ற தைரியமும் கூடவே வந்தது. 1950-களில், பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி, அறுவைப் புண்களிலும் பச்சைக் குழந்தைகளின் தோலிலும், ஏன், நர்சுகளின் மூக்கிலுமே குடியேறி, மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளைக் கதிகலங்க அடித்தது.

இந்த நிலையில்தான் 1959-இல், இங்கிலாந்தின் டெவன் கடற்கரையிலுள்ள டார்க்கீ என்ற ஊரின் டார்பே ஆஸ்பத்திரியில், எக்ஸெடர் பரிசோதனைச் சாலையின் தலைவரான டாக்டர் பிரெண்டன் மூரின் முயற்சியால், காட்ரெல் என்ற அம்மையார் தொற்றுத் தடுப்பு ஸிஸ்டராக நியமிக்கப்பட்டார். (ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிய நூல் வெளிவந்தது 1859-இல், பொருத்தம் தற்செயல்தான், ஆயினும் அழகானது.) எந்தப் புண் சீழ் வைத்தது, எந்த ஊழியருக்குக் கட்டி கிளம்பியது, யாரைத் தனி அறைக்கு மாற்ற வேண்டும் என்று வார்டு வார்டாக விசாரித்து, பரிசோதனைச் சாலையின் முடிவுகளோடு ஒத்துப் பார்த்துக் கணக்கு வைப்பது இந்தப் புதிய உத்தியோகத்தின் சாரம். தொற்றைப் பற்றிப் பேச வைத்தியர் குழு கூடிக் கலைந்த பின்னும் மறுநாள் காலையில் வார்டுக்குப் போக ஓர் ஆள் இருந்தது என்பதே இதில் புதுமை. 1962-இல் இச்சோதனையைப் பற்றிய கட்டுரை லான்ஸெட் பத்திரிகையில் வெளியாயிற்று. அடுத்த வருஷமே அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆஸ்பத்திரியும் ஒரு நர்சை இவ்வேலைக்கு அமர்த்தியது.

பின்னர் அமெரிக்க அரசாங்கத்தார் 1974-இல் தொடங்கி நாடு தழுவி நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 1985-இல் வெளிவந்தபோது, ஆஸ்பத்திரியிலே தொற்றுகிற நோய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தடுக்கலாம் என்றும், அதற்கு 250 படுக்கைகளுக்கு ஒரு நர்சாவது இவ்வேலைக்கென்றே வேண்டும் என்றும் தெரிந்தது. அறுவைப் புண்களைப் பொறுத்தமட்டில் இன்னொன்றும் வேண்டியிருந்தது: தம் கையால் அறுக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது என்ற கணக்கை அந்தந்த அறுவை வைத்தியரிடமே தெரிவிப்பது. வியன்னாவில் செம்மல்வெய்ஸின் கையிலிருந்த ஆயுதமும் அத்தகைய ஒரு கணக்குத்தான்.