பிள்ளைக்குக் காவல் எது?

இரவில் பிள்ளை திடுக்கிட்டு அழுதால் மந்திரித்த கயிறு கட்டுவது நம் மலைப் பகுதியில் பழைய வழக்கம். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையின் கழுத்திலும் உத்தரியத்தோடு தாயத்து தொங்குவதை லயன் வீடுகளில் நாம் கண்டிருக்கிறோம். தாய்மாரைக் கடிந்து பயனில்லை. காலையில் கொழுந்தெடுக்கப் போகிறவள் மாலை மூடுபனியில் திரும்பும்வரை பிள்ளையை யாரை நம்பி விட்டுச் செல்வாள்? காட்டெருமையும் சிறுத்தையும் நடமாடும் இடத்தில் பெற்றவள் காவல் தேடுவது இயல்பே. எதைக் காவலாகக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. திருச்சபையின் வரலாற்றில் இக்கேள்வி புதிதன்று.

387-ஆம் ஆண்டில் அந்தியோக்கியா நகர மக்கள் பேரச்சத்தில் இருந்தார்கள். கலகத்தில் பேரரசரின் சிலைகளை உடைத்துவிட்டதால் என்ன தண்டனை வருமோ என்று நடுங்கிய நாட்கள் அவை. அப்போது அங்கே குருவாயிருந்த புனித கிறிசோஸ்தோம் அருளப்பர் அவர்களுக்குத் தொடர்ந்து பிரசங்கம் செய்தார். பெண்களும் சிறு பிள்ளைகளும் சுவிசேஷத்தைக் காவலாகக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிவதை ஒரு பிரசங்கத்தில் அவரே குறிப்பிடுகிறார். அதற்காக அவர் அவர்களை ஏளனம் செய்யவில்லை. சுவிசேஷத்தின் கட்டளைகளை உள்ளத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்றே புத்தி சொன்னார்.

இதை நாமும் கவனிக்க வேண்டும். தலையணைக்கு அடியில் இரும்புத் துண்டு வைத்தவர்கள் இப்போது அதே இடத்தில் வேதாகமத்தை வைக்கிறார்கள். திறந்து படிப்பதில்லை! வனாந்தரத்தில் நம் ஆண்டவர் சோதிக்கப்பட்டபோது, காவலுக்கென்று நாம் செபிக்கும் அதே 91-ஆம் சங்கீதத்தைத்தான் (பழைய எண்ணிக்கையில் 90) பசாசு எடுத்துச் சொல்லிற்று. வசனம் அதற்கும் தெரிந்திருந்தது. ஆண்டவரோ மூன்று முறையும் உபாகம நூலின் வசனத்தால் பதில் கூறி அதை விரட்டினார். வாயில் வசனம் இருப்பது வேறு, அதன் பொருளறிந்து அதன்படி நிற்பது வேறு.

பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது? புனித எரோணிமுஸ் 403-ஆம் ஆண்டையொட்டிப் பெத்லகேமிலிருந்து ரோமையில் வாழ்ந்த லேத்தா என்ற தாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். அவளுடைய குழந்தை பவுலாவை வளர்க்கும் முறையை அதில் விரிவாகச் சொல்கிறார். மரத்திலோ தந்தத்திலோ எழுத்துகள் செய்து கொடு, அவற்றை வைத்து விளையாடட்டும். நன்றாகச் செய்தால் சிறு பரிசு கொடு. கூடப் படிக்கத் தோழிகள் இருக்கட்டும். மந்தமாயிருந்தால் திட்டாதே, சிறு வயதில் பிடித்த வெறுப்பு பெரியவளானபின்னும் போகாது என்கிறார். முதலில் சங்கீதங்கள், பின்பு நீதிமொழிகள், அப்புறம் யோபு, அதன்பின் என்றும் கையைவிட்டு அகலாதபடி சுவிசேஷங்கள் என வரிசையும் தருகிறார். கடுஞ்சொல்லுக்குப் பேர்போன அந்த முனிவர், பிள்ளையை அனுப்பினால் தம் தோளில் தூக்கி வைத்துக் கற்பிப்பதாகவும் எழுதினார். நம் ஞானோபதேச ஆசிரியர்கள் இந்தக் கடிதத்தை அறிந்திருப்பது நல்லது.

நம் தமிழ் மண்ணில் இவ்வேலையைப் பிள்ளைகளைக் கொண்டே செய்தவர் புனித சவேரியார். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், போர்த்துக்கீசும் தமிழும் அறிந்தவர்களின் துணையோடு விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், பத்துக் கற்பனைகள் முதலியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக் கொடுக்கும்படி பணித்தார். நோயாளிகள் பலர் அழைத்தும் எல்லா வீட்டுக்கும் போக முடியாமல், செபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் வீட்டாரைக் கூட்டி விசுவாச மந்திரத்தைச் சொல்லி, நோயாளியை விசுவசிக்கச் செய்தார்கள். பலர் நலமடைந்ததாக 1544 சனவரியில் எழுதிய கடிதத்தில் சவேரியாரே தெரிவிக்கிறார். விசுவாச மந்திரம் வேதாகமம் ஆகுமா என்று கேட்பவர் உண்டு. அச்சிட்ட தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட இல்லாத காலம் அது! சுவிசேஷத்தின் சாரத்தை நாவில் ஏற்றி வைப்பதே அன்று கூடியதாயிருந்தது. அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சேறியதே 1578-ல்தான்.

புத்தகமும் போதகரும் இல்லாவிடில் விசுவாசம் மறைந்துபோகும் என்ற கவலைதான் குரு ஒருவரை நம் நீலகிரிக்கும் கொண்டுவந்தது. பழைய கிறிஸ்தவர்கள் சிலர் இம்மலையில் மறை மறந்து வாழ்வதாக மலையாள நாட்டில் பேச்சு இருந்தது. 1603-ல் கள்ளிக்கோட்டையிலிருந்து இயேசு சபைக் குரு ஃபெனிசியோ மலையேறி வந்தார். படகரையும் தோடரையும் கண்டு பேசினார். கிறிஸ்தவத்தின் அடையாளம் எதையும் காணாமல் இறங்கிச் சென்றார்.

தரங்கம்பாடியில் லுத்தரன் சபையார் 1714-ல் சுவிசேஷங்களைத் தமிழில் அச்சிட்டனர். நம் வீடுகளில் அதன்பின்னும் நெடுங்காலம் செபப் புத்தகமும் ஞானோபதேசமுமே இருந்தன. விசுவாசிகள் யாவருக்கும் மறைநூல் எளிதில் கிடைக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18-ல் வெளியிட்ட ஏட்டில் பணித்தது. கத்தோலிக்கரும் ஏனைய சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995-ல் வெளிவந்தது. ஆகவே புத்தகம் இல்லை என்று இனி நாம் சொல்ல முடியாது.

மறைநூல் துறவிகளுக்கே உரியது, எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்ட தகப்பன்மாருக்கு, துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் கப்பலைவிடக் கடலில் ஓடும் கப்பலுக்கே மாலுமியும் தளவாடமும் வேண்டும் என்று கிறிசோஸ்தோம் அருளப்பர் விடை சொன்னார். பதினெட்டு வயதில் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்கு இறங்கும் நம் பிள்ளைகளை அவ்வார்த்தை நினைவூட்டுகிறது. அங்கே அறையில் உடன் தங்குகிறவன் சாராயத்துக்கு அழைப்பான். அந்த நேரத்தில் தாய் கட்டிய கயிறு என்ன செய்யும்? ஆபத்தே வராது என்று வேதாகமம் எங்கும் வாக்களிக்கவில்லை. ஆபத்தில் யார் உடனிருக்கிறார் என்பதையே கற்பிக்கிறது.

தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவருடைய பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்ததாகப் புனித சின்னப்பர் எழுதுகிறார். நம் தோட்டங்களில் பல பாட்டிமாருக்கு எழுத்துத் தெரியாது, பேரப்பிள்ளைக்குத் தெரியும். அதனால் ஜூபிலி ஆண்டில் புதுநன்மை வாங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பங்கின் சார்பில் ஒரு புதிய ஏற்பாடு கொடுக்கிறோம். இராச் சாப்பாட்டுக்கு முன் பத்து வசனம் பிள்ளை உரக்க வாசிக்கட்டும். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். புரியாத வசனத்தைக் குறித்து வைத்து ஞாயிறு பூசைக்குப் பின் நம்மிடம் கொண்டு வாருங்கள்.