நோயேட்டில் விழாத விகுதி

மதுராந்தகத்தைப் பற்றிச் சொல்லப்படும் இரண்டு சம்பவங்கள், பிறருக்கு எட்டாத ஒன்று ஒருவருக்கு மட்டும் எட்டியதைப் பற்றியவை. குருபரம்பரைக் கதைகளின்படி, காஞ்சியில் ஆலவட்டம் வீசிக்கொண்டிருந்த திருக்கச்சி நம்பியிடம் வரதராஜப் பெருமாள் பேசுவார். ராமானுஜர் தன் மனதில் இருந்த சந்தேகங்களை நம்பி மூலம் கேட்டனுப்ப, ஆறு வார்த்தைகளில் பதில் வந்தது. பெரிய நம்பியைக் குருவாகக் கொள் என்பது அவற்றில் ஒன்று. அதை ஏற்றுப் புறப்பட்டவர் பெரிய நம்பியை எதிர்கொண்ட இடம்தான் மதுராந்தகம். இதில் கவனிக்க வேண்டியது ராமானுஜரின் நடத்தை. உமக்கு மெய்யாகவே கேட்கிறதா என்று அவர் நம்பியைச் சோதிக்கவில்லை. என்ன சொன்னார் என்று கேட்டார்.

மற்றது 1790களைச் சேர்ந்தது. கும்பினியின் ஜாகீர் கலெக்டர் லயனல் பிளேஸ், மழை கொட்டிய ஓர் இரவில், உடைந்துவிடுமென்று எல்லோரும் பயந்த ஏரியின் கரைமேல், வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைக் கண்டார் என்பது ஐதீகம். ஏரி உடையவில்லை. ராமர் 'ஏரி காத்த ராமர்' ஆனார். தாயார் சந்நிதியில் பிளேஸின் பெயர் கல்லில் ஏறியது.

நம்பிக்கும் பிளேஸுக்கும் நோய்ப்பெயர் சூட்டுகிற அசட்டுத்தனம் இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. நோயாளிகளை எல்லாம் ஆழ்வார்களாக்குவதும் அதே அளவு அசட்டுத்தனம். அதைச் செய்ய நம்மிடையே கவிஞர்கள் குறைவில்லை. கேட்டவனைவிட, அவனிடம் விசாரித்தவன்தான் நம் விஷயம்.

பிளேஸ் ஜாகீரை நிர்வகித்த அதே பத்தாண்டில், 1794இல், அதே கும்பினியின் வைத்தியர் வாலன்டைன் கானலி சென்னையில் சித்தம் கலங்கியவர்களுக்கென்று ஒரு விடுதி தொடங்கினார். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அரசாங்கப் புகலிடம் எழுந்தது; 1922இல் அதற்கு மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியது. தமிழ் பேசுகிறவர்களின் கலக்கம் ஆங்கிலத்தில் எழுதப்படும் வழக்கமும் இந்த ஸ்தாபனங்களோடு வந்ததுதான். பெயர்கள் மாறின, வழக்கம் நிலைத்துவிட்டது. இன்றும் பயிற்சி டாக்டர் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறார்.

அவர் என்ன கேட்கப் பழக்கப்படுகிறார்? கார்ல் யாஸ்பர்ஸ் 1913இல் எழுதிய உளநோயியல் நூலில், புரிந்துகொள்வதையும் காரணம் சொல்லி விளக்குவதையும் வேறு வேறாகப் பிரித்தார். ஒருவனின் துக்கத்தை அவன் இழப்பிலிருந்து நாம் உள்நுழைந்து உணரலாம். ஆனால் சிதைவுற்ற மனத்தின் சில அனுபவங்கள் அப்படிப்பட்ட நுழைவுக்கு இடம் தருவதில்லை, அவற்றுக்குக் காரணம் மட்டுமே தேடலாம் என்றார். நோயாளி தன் வாயால் சொல்வதை முழுக்கக் கேள் என்று வற்புறுத்தியவரும் அவரேதான். பின்வந்தவர்கள் அவர் போட்ட வேலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கூர்ட் ஷ்னைடர் முதல்தர அறிகுறிகளின் பட்டியலைத் தந்தார்: தன் எண்ணம் உரக்கக் கேட்பது, தன் செய்கைகளை ஒரு குரல் வர்ணித்துக்கொண்டே வருவது, இரு குரல்கள் தன்னைப் பற்றித் தமக்குள் விவாதிப்பது. கேட்டால் ஒரு குறி, இல்லையென்றால் ஒரு கோடு. குரல் என்ன சொன்னது, யாருடையது என்பது நோயைத் தீர்மானிக்க வேண்டாத உபரி ஆயிற்று.

இங்கே தமிழ் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. ஆங்கிலத்தில் 'ஒரு குரல் கேட்கிறது' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். தமிழில் குரலைப் பற்றி இரண்டாவது வாக்கியம் சொல்லும்போதே விகுதி வந்து நிற்கிறது. பேசுறான், பேசுறா, பேசுறாரு, பேசுறாங்க, பேசுது: இவற்றில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும், தேர்ந்தவுடன் குரலுக்கு ஆண் பெண், வயது, மரியாதை, உறவு எல்லாம் வந்துவிடுகின்றன. 'பேசுறாங்க' என்பது பலராகவும் இருக்கலாம், மரியாதைக்குரிய ஒரே மாமியாராகவும் இருக்கலாம். அதைப் பன்மையில் எழுதிவிட்டால் ஷ்னைடரின் பட்டியலில் இல்லாத அறிகுறி ஒன்று ஏட்டில் பிறந்துவிடும். 'என்னைப் பத்திப் பேசிக்கிறாங்க' என்பது ஒன்று; 'என்னைப் பேசுறாங்க' என்பது வேறு, அது ஏச்சு. செங்கல்பட்டுப் பக்கத்துப் பேச்சில் 'ஏதோ சொல்லுது' என்றால் பேயாக இருக்கலாம். 'எங்கம்மா சொல்லுது' என்றால் அந்த அஃறிணை முழுக்கப் பாசம். ஏவல் குரலும் அப்படியே. குளி, குளிடா, குளிம்மா, குளிங்க: நான்குக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். நான்கில் எதற்குக் கீழ்ப்படியாமல் இருக்க முடியும் என்பது கேட்பவனுக்குத் தெரியும். அவனுக்கு வரும் ஆபத்தை நிறுக்க வேண்டிய டாக்டருக்கும் அது தெரிந்தாக வேண்டும்.

இதைப் பரிவைப் பற்றிய கேள்வி என்பதைவிட இலக்கணப் பிரச்சினை என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். ஒத்துணர்வு என்று நாம் மொழிபெயர்க்கும் சொல்லின் ஜெர்மன் மூலம், 1873இல் ராபர்ட் விஷர் கலைப்பொருளைப் பார்ப்பவனைப் பற்றி எழுதியபோது புழங்கிய சொல். டிச்னர் அதை 1909இல் ஆங்கிலமாக்கினார். கலைரசனையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன சொல் அது. கவிதையில் ஒரு விகுதியை மாற்றினால் கவிதை மாறிவிடும் என்று வாதாடுகிற நாம், நோயாளியின் வாக்கியத்துக்கு அந்தச் சலுகையைத் தர மறுக்க நியாயம் இல்லை.

யார் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. டான்யா லர்மன் மானுடவியலாளர். அமெரிக்க மனநல டாக்டர்கள் எப்படிப் பயிற்றப்படுகிறார்கள் என்பதை உடனிருந்து பார்த்து 2000இல் ஒரு நூல் எழுதியவர். அவரும் சென்னையின் பத்மாவதி, ஹேமா தரூர் ஆகியோரும் ஆப்பிரிக்க டாக்டர் ஒருவரும் சேர்ந்து கலிபோர்னியாவின் சான் மாட்டியோ, கானாவின் அக்ரா, சென்னை மூன்றிலும் இருபதிருபது பேரிடம் பேசினார்கள். அமெரிக்கர்களுக்குக் குரல்கள் பெரும்பாலும் முகமற்ற அந்நியர்களின் தாக்குதல். வன்முறைப் பேச்சு அதிகம். அக்ராவில் பலருக்குக் கடவுள். சென்னையில் இருபதில் பதினொரு பேருக்குச் சொந்தக்காரர்கள்: வேலையைச் செய் என்று ஏவுகிறார்கள், கண்டிக்கிறார்கள், புத்தி சொல்கிறார்கள். சென்னைக் குரல்கள் எல்லாம் நல்லவை என்று இதிலிருந்து பெருமையடித்துக்கொள்ள வேண்டாம். வசவும் அருவருப்பான பேச்சும் இங்கும் உண்டு. ஆனால் இங்கே வைபவர் பெரும்பாலும் தெரிந்தவர்.

சென்னையில் இந்த ஆய்வுக்கு இடமளித்த ஸ்கார்ஃப் நிறுவனம் 1984இல் சாரதா மேனன் தொடங்கியது. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்த பெண்மணி; 2021இல், 98 வயதில் காலமானார். அவர் மனநல மருத்துவம் படிக்கப் பெங்களூருக்குப் போக வேண்டியிருந்தது. இன்று தமிழ்நாட்டிலேயே படிக்கலாம். பாடமொழியில் மட்டும் பெங்களூருக்கும் சென்னைக்கும் பேதமில்லை.

பரிவைக் கற்பிக்க மேற்கில் ஓர் உத்தி கண்டார்கள். பதினேழு வயதில் ஸ்கிஸோஃப்ரீனியா என்று தீர்ப்புச் சொல்லப்பட்டு, பின்னர் உளவியலாளரான பாட்ரிசியா டீகன் அமைத்தது. பயிற்சி பெறுகிறவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, காதில் உபத்திரவமான குரல்கள் ஓட, படிக்க வேண்டும், கடைக்குப் போய் வர வேண்டும், மனநிலைப் பரிசோதனைக்குப் பதில் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கிறவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது அப்போது தெரியும். நல்ல பாடம்தான். ஆனால் இவ்வகைப் பயிற்சிகளைத் தொகுத்துப் பார்த்த 2011இன் ஆய்வொன்று, பரிவு கூடுவதோடு நோயாளியிடமிருந்து விலகியிருக்கும் ஆசையும் கூடக்கூடும் என்றது. வியப்பில்லை. நாடாவில் வருவது யாரோ ஒருவரின் குரல், ஒரு மணி நேரத்தில் கழற்றி வைத்துவிடலாம், மிஞ்சுவது பீதி. தமிழில் அப்படி ஒரு நாடா செய்வதென்றால், பயிற்சி டாக்டரை அவருடைய அத்தையின் குரலில், அவரை வீட்டில் அழைக்கும் பெயரால் கூப்பிட வேண்டியிருக்கும்.

நெதர்லாந்தில் மாரியஸ் ரோம் என்ற டாக்டர் திருந்தியது நோயாளி ஒருவரால். பாட்ஸி ஹாஹெ என்ற அந்தப் பெண், ஆதி மனிதர்களுக்குத் தெய்வங்களின் குரல் கேட்டதாக வாதிட்ட ஜூலியன் ஜேன்ஸின் 1976ஆம் ஆண்டு நூலைப் படித்துவிட்டு, யாரும் காணாத கடவுளை நம்புகிறவர்கள் நான் கேட்கும் குரலை ஏன் நம்பக் கூடாது என்று மடக்கினார். 1987இல் இருவரும் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசியதும், குரல் கேட்பவர்கள் ஏறக்குறைய 450 பேர் தொடர்புகொண்டார்கள். அவர்களில் 150 பேர் அளவுக்கு எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தவர்கள். ரோம் அவர்களிடம் விசாரித்தது, ராமானுஜர் கேட்டதைத்தான்.

மருந்து குரலை அடக்குகிறது. பலருக்கு அது விடுதலை, இதில் சந்தேகமில்லை. ஆனால் செத்துப்போன அம்மா ராத்திரியில் 'சாப்பிட்டியாப்பா' என்று கேட்பதும் மற்ற வசவுகளோடு சேர்ந்து ஒருநாள் நின்றுபோகும். மாத்திரை எழுதியவர் ஏட்டில் அந்த அம்மா இல்லையென்றால், குணமாகி வந்தவன் ஏன் அழுகிறான் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அதற்கும் ஒரு மாத்திரை எழுதுவார். கோவளம் கடற்கரையில் 2007இல் தொடங்கிய பானியனின் கல்வி நிறுவனமும், செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியும் மதுராந்தகத்துக்குத் தூரமில்லை. இங்கெல்லாம் பயில்கிறவர்கள் நோயேட்டின் ஆங்கிலத்துக்கு நடுவே, குரல் சொன்னதை ஒரு வரி தமிழிலேயே, அவன் சொன்ன விகுதியோடு எழுதி வைக்கலாம். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை.