கத்ரி கோபால்நாத்தும் நாகஸ்வர மரபும்



சென்ற தைத் திங்களில் மயிலாப்பூரில் நிகழ்ந்த நம்மவர் திருமணம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். முகூர்த்தத்திற்கு நாகஸ்வரமும், மாலை வரவேற்பிற்குச் சாக்ஸபோனும் அமைத்திருந்தனர். பந்தியில் என் அருகமர்ந்த பெரியவர் ஒருவர், தலைமுறை தலைமுறையாக நாகஸ்வரம் வாசித்த குடும்பத்தவர், என்னை நோக்கி, "வாத்தியாரையா! என் பேரன் சாக்ஸபோன்தான் கற்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கின்றான். விட்டால் நம் கருவி நம் வீட்டிலேயே ஒழிந்துவிடும். தடுத்தால் அவன் இசையையே விட்டுவிடுவான். நான் என்ன செய்வது?" என்று வினவினார். அப்பொழுது எனக்கு விடை தோன்றவில்லை. பின்னர்க் கத்ரி கோபால்நாத் அவர்களின் வரலாற்றைப் பயின்றபொழுது தோன்றிய விடையை ஈண்டு எழுதுகின்றேன். அவர் பிறந்த நாடும் தாய்மொழியும் வேறாயினும், நாகஸ்வரம் முழங்கிய இல்லத்திற் பிறந்தமையால் அவர் நமக்கு உறவினரே.

கோபால்நாத் தென்கன்னட நாட்டில், மங்களூரை அடுத்த பண்ட்வால் வட்டத்தில், 1949-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் தனியப்பர் நாகஸ்வர வித்துவான். மைந்தரும் இளமையில் தந்தையாரிடம் அக்கருவியையே பயின்றார். அந்நாளில் மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியக் குழுவிற் சாக்ஸபோன் இசைக்கப்படுவதைக் கேட்டு, அதன்பால் உள்ளத்தைப் பறிகொடுத்தார்.

அக்கருவியை அமைத்தவர் பெல்ஜிய நாட்டினராகிய அடால்ப் சாக்ஸ் என்பவர். 1846-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் அதற்கு உரிமை பெற்றார். அதன் உடல் பித்தளை. ஒலி எழுவதோ வாயிற் கவ்வும் நாணற் சீவலொன்றால். நம் சீவாளி இரட்டை நாணல். அதுவோ ஒற்றை நாணல். ஆயினும் இரண்டற்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவன்று. நாகஸ்வரத்தில் விரலே துளையைத் தொடுகின்றது. விரலசைவாலும் மூச்சின் அழுத்தத்தாலும் கமகங்களை எழுப்புகின்றோம். சாக்ஸபோனில் விரல் தொடுவது சாவிகளை. துளைகளை மூடுவன அச்சாவிகளோடு இணைந்த மூடிகள். ஆதலின் ஸ்வரங்கள் படிப்படியாகத் தனித்தனியே ஒலிக்குமே அன்றி, ஒன்றினின்று மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்லும் குழைவு எளிதில் வாராது. கமகமின்றி இராகம் ஏது? உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் அடக்கத்தாலும் அக்குழைவை வருவிக்கக் கோபால்நாத் பல்லாண்டு உழைத்தார். நாகஸ்வர வீட்டிற் பழகிய செவியே அவ்வுழைப்பிற்கு வழிகாட்டியது என்று கருதுகின்றேன். எவ்வொலி வரவேண்டும் என்று முன்னரே அறிந்தவனன்றோ அது வரவில்லை என்று உணர்ந்து திருத்தவல்லான்!

செவி மட்டும் போதாது, குருவும் வேண்டும். மங்களூர்க் கலாநிகேதனத்தில் கோபாலகிருஷ்ணையரிடம் அவர் கருநாடக இசை பயின்றார். பின்னர்ச் சென்னைக்கு வந்து, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணாக்கராகிய டி. வி. கோபாலகிருஷ்ணன் அவர்களை அடைந்தார். அவ்வாசிரியர் வாய்ப்பாட்டிலும் மிருதங்கத்திலும் வல்லவர். சாக்ஸபோன் வாசிப்பவர் அல்லர். இது நாம் ஊன்றி நோக்கத்தக்கது. மாணவர் அவரிடம் கற்றது கருவியை அன்று, இசையை. சென்னையிற் செம்பை நினைவு அறக்கட்டளையின் சார்பில் அவர்தம் கச்சேரி அரங்கேறியது. பின்னர் மயிலாப்பூர், தியாகராயநகர்ச் சபைகளின் மார்கழி மேடைகளில் அவர் பெயர் நிலைபெற்றது. ஏ. கன்யாகுமரி அம்மையாரின் வயலினும் அவர்தம் சாக்ஸபோனும் இணைந்து ஒலித்த கச்சேரிகளை இசையன்பர் இன்றும் நினைவு கூர்வர்.

அந்நியக் கருவி நம் இசைக்கு ஆகுமோ என்னும் ஐயம் புதியதன்று. இன்று பக்கவாத்தியங்களுள் முதலிடம் பெற்ற வயலினும் கடல் கடந்து வந்ததே. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் இளவல் பாலுஸ்வாமி தீக்ஷிதர் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த நாளில் அதனைக் கற்று நம் இசைக்கு ஆக்கினார். கிளாரினெட் சதிர்க் கச்சேரிகளில் நுழைந்து, பின்னர் ஏ. கே. சி. நடராஜன் அவர்களின் கையில் தனிக்கச்சேரிக் கருவியாயிற்று. மாண்டலினை யூ. ஸ்ரீநிவாஸ் நமதாக்கினார்.

இனி, சாக்ஸபோனை உலகறியச் செய்த ஜாஸ் இசையைப் பற்றிச் சிறிது கூறுவேன். அது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், அடிமைத் தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களின் வழியினரிடையே வளர்ந்த இசை. எழுதி வைத்ததை அவ்வாறே வாசித்தலோடு அமையாது, அப்பொழுதைக்கப்பொழுது கற்பனை செய்து விரித்தல் அதன் உயிர். நம் மனோதர்மத்திற்கு அஃது அயலன்று. 1980-ஆம் ஆண்டிற் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவிற் கோபால்நாத் வாசிக்கக் கேட்ட அமெரிக்கச் சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹாண்டி, தாமும் உடன் வாசிக்க விரும்பி மேடையேறினார். பின்னாளில் ருத்ரேஷ் மகந்தப்பா என்னும் அமெரிக்க ஜாஸ் கலைஞர் அவரோடு சேர்ந்து 2008-இல் 'கின்ஸ்மென்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். உறவினர் என்பதே அப்பெயரின் பொருள். ஜாஸ் கலைஞரோடு வாசித்த காலத்தும் கோபால்நாத் இராகத்தைக் கைவிட்டாரல்லர். தன் வீட்டு மொழியைச் செவ்வனே பேசத் தெரிந்தவனுக்கே அயலாரோடு உரையாடல் எளிது.

1994-ஆம் ஆண்டு அவருக்கு இருவகைச் சிறப்பை நல்கியது. இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பி.பி.சி. நடத்தும் இசைவிழாவில் வாசித்தார். கே. பாலசந்தர் இயக்கி, ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த 'டூயட்' படத்தின் வாயிலாக அவர்தம் ஒலி தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் பரவியது. யான் அந்நாளிற் பள்ளிச் சிறுவன். கல்யாணவசந்தம் என்னும் இராகப் பெயரை அறியாமலே அப்படத்தின் இசையை முணுமுணுத்துத் திரிந்தேன். 2004-இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2019 அக்டோபர் 11-ஆம் நாள் மங்களூரில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் பலருக்கு ஆசிரியராகவும் விளங்கினார். பெண்மக்களும் அவரிடம் பயின்று மேடையேறினர். துளுநாட்டுக் கோயில்களிலும் திருமணங்களிலும் இன்று சாக்ஸபோன் பெருவழக்காயிற்று. இங்கேதான் பெரியவரின் அச்சம் நியாயமாகின்றது. ஒரு கருவி பந்தலில் ஏறினால் மற்றொன்று இறங்குகின்றது. இறங்கியது பெரும்பாலும் நாகஸ்வரமே. இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆயின், அதற்குப் பேரனைக் குற்றங்கூறுதல் தகுமோ? நாகஸ்வரக்காரரை முகூர்த்த நேரத்திற்கு மட்டும் அழைத்து, கூலியிற் பேரம் பேசி, கெட்டிமேளம் முடிந்ததும் மறந்துவிடும் நம் பழக்கமும் அக்குற்றத்திற் பங்குடையதன்றோ?

ஆதலின் அப்பெரியவருக்கு யான் கூறும் விடை இதுவே: ஐயா, பேரனைத் தடுக்கவேண்டா. முதலில் வாய்ப்பாடும், உங்கள் வீட்டு நாகஸ்வரத்தில் வர்ணங்கள் வரையும் பழக்குங்கள். அதன்பின் சாக்ஸபோனைக் கையிற் கொடுங்கள். கோபால்நாத்தும் நாகஸ்வரத்திலிருந்தே சாக்ஸபோனுக்குச் சென்றார். நாகஸ்வரத்தை அறிந்து சாக்ஸபோனை எடுப்பவன் நம் மரபைத் தன்னோடு கொண்டு செல்வான். அறியாது எடுப்பவன் சினிமா மெட்டோடு நின்றுவிடுவான். சங்கத்து அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: நும் இல்லத் திருமணங்களில் நாகஸ்வர வித்துவானை அரைமணி நேரமேனும் அமர்த்தி, ஓர் இராகத்தை முழுமையாக வாசிக்கச் சொல்லி, அமர்ந்து கேளுங்கள். கேட்பார் உளராயிற் கற்பாரும் உளராவர்.