'அந்த நாள்': மீட்பும் மாற்றமும்

1954-ஆம் ஆண்டு ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 'அந்த நாள்', பாடலும் நடனமும் இன்றி எஸ். பாலசந்தர் இயக்கிய மருமப் படமாகும். 1943 அக்டோபரில் சென்னையில் சப்பானியர் குண்டு வீழ்ந்ததை அடுத்து வானொலிப் பொறியாளன் ஒருவன் கொல்லப்படுகின்றான். ஐயத்திற்குரியோர் ஒவ்வொருவரும் வெவ்வேறு கதை கூறுகின்றனர். மாருதிராவின் ஒளிப்பதிவில் நிழலும் ஒரு சான்றாய் நிற்கின்றது.

குறுந்தகடு வந்தபின் இத்தகைய பழம்படங்கள் கீழ்பென்னாத்தூர் போன்ற சிற்றூர் இல்லங்களையும் எட்டின. 1964-இல் வெளிவந்த 'கர்ணன்' புதுப்பிக்கப்பெற்று 2012-இல் மீண்டும் திரையேறியது. ஆங்குப் பொலிவுற்றவை நிறமும் பாடலும். 'அந்த நாள்' வேண்டுவதோ வேறு. கீறலை நீக்குவோர் இருளையும் நீக்கிவிடின், அமைதியை இசையால் நிரப்பிவிடின், எஞ்சுவது அப்படம் அன்று. செல்லரித்த ஏட்டைத் தம் சொல்லால் நிரப்பாத பதிப்பாசிரியரின் நேர்மையே ஈண்டும் வேண்டப்படும் என்பது நம் துணிபு.